நாய்க்கு ஆப்... நமக்கு ஆப்பு!

நாய், பூனை வளர்ப்பவர்களுக்கு எந்தத் தீனி நல்லது என்று தேர்ந்தெடுத்துச் சொல்லும் மொபைல் ஆப் ஒன்றை வடிவமைத்திருக்கிறோம், பார்த்துக் கருத்து சொல்லுங்கள் என்று இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பார்த்தேன். கண்ணைப் பறிக்கிறது. பாக்கெட்டில் இருக்கும் பார்கோடை கேமராவில் காட்டினால் போதும். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதோ ஒரு கலரில் ஒரு பொம்மை நாய் வாலாட்டும். சிவப்பு வந்தால் 'இதைவிட நல்லது' என்று கீழே இன்னொரு பாக்கெட். அதன் பக்கத்திலேயே 'வாங்கு' என்று ஒரு பட்டன்.

நான் பி.காம். எனக்குப் பொம்மை நாய் கண்ணில் படவில்லை, பட்டன்தான் பட்டது.

"ஆப் இலவசம்கிறீங்க தம்பி. அப்போ காசு எங்கேர்ந்து வருது?"

"அந்த பட்டனை அழுத்தி வாங்கினா கம்பெனி கமிஷன் கொடுக்கும் சார்."

சரிதான். பரீட்சை பேப்பர் திருத்துகிற வாத்தியாருக்குப் பையனோட அப்பா சம்பளம் கொடுக்கிறார்! வேறு வழியில்லை என்று சொல்லாதீர்கள். பிரான்ஸில் 2017-ல் வந்த 'யூகா' என்ற ஆப், மனிதர்கள் சாப்பிடும் பாக்கெட்டுகளுக்கு மார்க் போடுகிறது. சத்துக்கு 60, சேர்க்கைப் பொருளுக்கு 30, இயற்கை விவசாயத்துக்கு 10 என்று கணக்கை வெளிப்படையாகச் சொல்கிறது. கம்பெனிகளிடம் காசு வாங்குவதில்லை, பயன்படுத்துகிறவர்களின் சந்தாவில் ஓடுகிறோம் என்கிறது. 'ஓப்பன் பெட் ஃபுட் ஃபேக்ட்ஸ்' என்று நாய், பூனைத் தீனிக்கென்றே தன்னார்வலர்கள் திரட்டும் தகவல் களஞ்சியமும் இருக்கிறது. மனசுதான் வேண்டும்.

சரி, கமிஷனை விடுவோம். அந்த ஆப் எதைப் படித்து மார்க் போடுகிறது? பாக்கெட்டில் கம்பெனி அச்சடித்ததை. அதை யார் சரிபார்த்தார்கள்? இங்கேதான் விஷயமே இருக்கிறது. நம் நாட்டின் 2006-ம் வருட உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 'உணவு' என்பதற்கு விளக்கம் எழுதும்போதே, விலங்குத் தீவனம் இதில் சேராது என்று ஒதுக்கிவிட்டார்கள். நாய், பூனைத் தீனிக்கு ஐ.எஸ். 11968 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. ஆனால் விரும்பினால் பின்பற்றலாம் ரகம். எடையையும் விலையையும் அச்சடிக்கச் சட்டம் உண்டு. 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது மாட்டுத் தீவனத்துக்கு வரி இல்லை என்றார்கள், நாய்த் தீனி பாக்கெட்டுக்கு 18 சதவீதம் போட்டார்கள். வசூல் பண்ணத் தெரிகிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் ஆளில்லை.

புரதம் எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறதே என்பீர்கள். 2007-ல் அமெரிக்காவில் என்ன நடந்தது? சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தார்கள். பிளாஸ்டிக் தட்டு செய்கிற சமாசாரம். அதில் நைட்ரஜன் அதிகம். வழக்கமான சோதனை நைட்ரஜனை அளந்துதான் புரதத்தைக் கணக்குப் போடும். ஆக, காகிதத்தில் புரதம் ஏறியது. நாயும் பூனையும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. நூற்றுக்கும் மேற்பட்ட பிராண்டுகளைத் திரும்பப் பெற்றார்கள். அன்றைக்கு இந்த ஆப் இருந்திருந்தால் பச்சை நாய்தான் வாலாட்டியிருக்கும். அடுத்த வருஷமே சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் அதே மெலமைன். சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். நாய்த் தீனிதானே என்று அலட்சியமாக இருந்தால் இப்படித்தான்.

அச்சடித்தது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். டின் தீனியில் புரதம் 8 சதவீதம், உலர் தீனியில் 22 சதவீதம் என்று போட்டிருக்கிறது. எது உசத்தி? 22 என்று சொன்னால் நீங்கள் பெயில். டின்னில் 78 பங்கு தண்ணீர். மீதி 22-ல் 8 என்றால் 36 சதவீதம். உலர் தீனியில் ஈரம் 10தான். 90-ல் 22 என்றால் 24 சதவீதம். ஆப் செய்ய வேண்டியது இந்தக் கணக்கை. நான் பார்த்த ஆப் 22-க்குப் பச்சை கொடுத்தது!

அப்புறம் தெள்ளார் பக்கம் போயிருந்தேன். ஆரணிப் பட்டுக்குத் தறி ஓடுகிற ஊர், நந்திவர்மப் பல்லவன் பாண்டியனை ஜெயித்த ஊர் என்பதெல்லாம் இருக்கட்டும். அங்கே ஒரு கடையில் நாய்த் தீனி கேட்டேன். மூட்டையிலிருந்து அள்ளி, தராசில் நிறுத்து, பாலிதீன் பையில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர்.

"எப்போ வந்த மூட்டைண்ணே இது?"

"நல்லா இருக்கும், கொண்டுபோங்க சார்."

பார்கோடு எங்கே? காலாவதி தேதி எங்கே? கேமராவை பாலிதீன் பையில் காட்டினால் ஆப் என்ன செய்யும், முழிக்கும். திறந்த மூட்டை மழைக்காலத்தில் ஈரம் இழுத்தால் பூஞ்சை பிடிக்கும். அந்தப் பூஞ்சையின் விஷம் ஈரலைத் தின்னும். சென்னைக்குள்ளேயே எத்தனை கடையில் இப்படித்தான் விற்கிறார்கள், எண்ணிப் பாருங்கள்.

இந்த ஊரில் பெரும்பாலான நாய்க்குக் கிடைப்பது வீட்டில் மிஞ்சியதுதான். அது கேவலமும் இல்லை. மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு ஓநாயைவிட நாய்க்கு அதிகம் என்று 2013-ல் 'நேச்சர்' இதழில் ஆய்வு வந்தது. சோறு நாய்க்கு ஆகாது என்கிற விளம்பரத்தை நம்பாதீர்கள். ஆனால் அதில் ஊற்றுகிற குழம்பில் வெங்காயம் இருந்தால் ரத்தச் சிவப்பணு உடையும், வேகவைத்தாலும்தான். திராட்சை சிறுநீரகத்துக்கு எமன். பூனைக்கு வெறும் பால் சோறு பத்தாது. இறைச்சியில் இருக்கும் டாரின் இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். 1987-ல் கலிஃபோர்னியாவில் இதயம் கெடுவதற்கு இதுதான் காரணம் என்று கண்டுபிடித்தபோது, பெரிய கம்பெனிகளின் பூனைத் தீனியிலேயே அது போதாமல் இருந்தது தெரிந்தது. 10 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்குச் சுமார் 630 கலோரி போதும். நாலு மேரி பிஸ்கட் போட்டால் அதில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு காலி. இதைத் தமிழில், குரலில், பார்கோடு கேட்காமல் சொல்கிற ஆப் எது?

முடியாத காரியமா? மாட்டுக்குச் செய்திருக்கிறார்களே! தேசிய பால்வள வாரியத்தின் 'பசு போஷன்' ஆப், கையில் இருக்கிற வைக்கோல், புண்ணாக்கு, தவிட்டைச் சொன்னால் குறைந்த செலவில் எதை எவ்வளவு போடலாம் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கிறது. மாடு பால் தருகிறது, அதனால் அரசாங்கத்துக்கு அக்கறை. நாய் ராத்திரி குரைப்பதோடு சரி, அதனால் அதைக் கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான்!

சென்னையில் 1903-லிருந்து கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 1989-லிருந்து தனிப் பல்கலைக்கழகமே இருக்கிறது. நாமக்கல்லில் தீவனத்தைப் பரிசோதிக்க ஆய்வுக்கூடமும் வைத்திருக்கிறார்கள். கடையில் விற்கிற தீனியை மாதம் பத்து வீதம் அவர்களே வாங்கி, உடைத்து, சோதித்து, பிராண்ட் பெயரோடு முடிவை வெளியிடட்டும். மூட்டையில் அள்ளி விற்கும் தீனியையும் சேர்த்துத்தான். அந்தப் பட்டியலை எடுத்து எந்தத் தம்பி வேண்டுமானாலும் ஆப் போடட்டும், பொம்மை நாய் ஆடட்டும். 'வாங்கு' பட்டனை மட்டும் எடுத்துவிடட்டும்.