நாற்பதரை ஏர் எத்தனை சென்ட்?

ஆறாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தைத் திறந்தால் முதல் பாடம் அளவீடுகள். ஒன்பதாம் வகுப்பிலும் முதல் பாடம் அதுதான். பள்ளி திறந்த கையோடு ஊர் ஊருக்குப் பிள்ளைகள் மீட்டர், கிலோகிராம், வினாடி என்று சொல்லிப் பார்க்கிறார்கள். ஒரு கிலோமீட்டருக்கு 1,000 மீட்டர், ஒரு மீட்டருக்கு 100 சென்டிமீட்டர் என்ற அட்டவணையை உருப்போடுகிறார்கள். காலாண்டுத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கிடைக்கிறது. அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. வாழ்நாள் முழுக்கத் தேவைப்படும் ஒரு பாடம் இத்தனை சீக்கிரம் முடிந்துபோவதுதான் என் கவலை.

எங்கள் மங்கலம்பேட்டை கடைத்தெருவில் காது கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். பூ முழக்கணக்கு. நகை சவரன் கணக்கு. மனை சதுர அடி. குழாய் முக்கால் இஞ்ச். நிலம் பெரியவர்களுக்குக் காணி, மற்றவர்களுக்கு ஏக்கரும் சென்ட்டும். நெல்லை வியாபாரியிடம் போட்டால் 75 கிலோ மூட்டை. அரசு கொள்முதல் நிலையத்தில் போட்டால் 40 கிலோ சிப்பம். மழையைச் சென்டிமீட்டரில் சொல்கிறார்கள், அந்த மழை போய்ச் சேரும் வீராணம் ஏரியின் மட்டத்தை அடியில் சொல்கிறார்கள். நம் பிள்ளைகள் இத்தனை அளவைகளுக்கு நடுவில்தான் வளர்கிறார்கள். வகுப்பிலோ கிலோமீட்டரை மீட்டராக்குவதும் மீட்டரைச் சென்டிமீட்டராக்குவதும்தான் கணக்கு. புள்ளியை இடம் மாற்றினால் போதும். வீட்டுக்கு வந்தால் எந்தக் கணக்கும் அப்படி வருவதில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவர் பயிர்க்கடனுக்காக இ-சேவை மையத்தில் பட்டா நகல் எடுத்து வந்தார். திண்ணையில் உட்கார்ந்து திருப்பித் திருப்பிப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. பரப்பு என்ற கட்டத்தில் 0 - 40.50 என்று இருந்தது.

“எங்கப்பா எனக்கு விட்டுட்டுப் போனது ஒரு ஏக்கரு. நாப்பது சென்ட்டுன்னு போட்டுருக்காங்களே, மிச்சம் அறுபது சென்ட்டு எங்க போச்சு?” என்றார்.

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி எட்டிப் பார்த்தாள். “தாத்தா, இது சென்ட்டு இல்ல. மேல ஹெக், ஏர்னு போட்டுருக்கு பாருங்க. பத்து மீட்டருக்குப் பத்து மீட்டரு ஒரு ஏர்.”

“அது எத்தன சென்ட்டு பாப்பா?”

அந்த இடத்தில் அவளுக்கு நின்றுவிட்டது. ஒரு அடி 30.48 சென்டிமீட்டர் என்று தெரியும். ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்று தாத்தாவுக்குத் தெரியும். இரண்டையும் சேர்க்க வேண்டும். அவள் 435.6ஐ 0.3048ஆல் ஒரு தடவை பெருக்கினாள். 132 சொச்சம் வந்தது. அப்படியானால் ஒரு சென்ட் ஒரு ஏரைவிடப் பெரிது, நாற்பதரை ஏர் முப்பது சென்ட்தான். பெரியவருக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. நானும் கூட உட்கார்ந்தேன். “சதுர அடிக்கு நீளமும் உண்டு, அகலமும் உண்டு. ரெண்டையும் மாத்தணுமே கண்ணு” என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டாள். 0.3048ஐ இரண்டு தடவை பெருக்கினாள். ஒரு சென்ட் 40.47 சதுர மீட்டர் என்று வந்தது. ஒரு ஏர் 100 சதுர மீட்டர். ஆக ஒரு ஏருக்கு 2.47 சென்ட். நாற்பதரையை அதனால் பெருக்கினாள்; நூறு சென்ட் வந்தது. பெரியவரின் ஏக்கர் முழுசாக இருந்தது.

1980களில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் நடந்தபோது பட்டாக்கள் ஹெக்டேருக்கும் ஏருக்கும் மாறின. இத்தனை ஆண்டுகளாகியும் ஊர் பேசுவது ஏக்கரும் சென்ட்டும்தான். அதில் தவறில்லை, பழகிய அளவை அவ்வளவு எளிதில் போகாது. ஆனால் பட்டாவின் மொழிக்கும் வீட்டின் மொழிக்கும் நடுவில் நின்று படித்துச் சொல்ல வீட்டுக்கு ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளையை உருவாக்கத்தான் அறிவியல் வகுப்பு.

எண் சரியாக இருந்து அலகு மாறிப்போனால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த சாட்சி உண்டு. 1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 விமானம் நடுவானில் எரிபொருள் தீர்ந்து நின்றது. கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்துக்கு வேண்டியது 22,300 கிலோகிராம் எரிபொருள். டேங்கில் இருந்த லிட்டர் கணக்கை எடையாக மாற்றும்போது 1.77ஆல் பெருக்கினார்கள். அது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோகிராமுக்கு 0.8ஐ ஒட்டிய எண்ணால் பெருக்கியிருக்க வேண்டும். வேண்டியதில் பாதிக்கும் குறைவான எரிபொருளோடு விமானம் கிளம்பிவிட்டது. விமானிகளின் திறமையால் கிம்லி என்ற ஊரின் பழைய ஓடுதளத்தில் இறங்கி, 69 பேரும் பிழைத்தார்கள். பெருக்கியவர்கள் எல்லாரும் படித்தவர்கள், பயிற்சி பெற்றவர்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அதன் அலகை எழுதிக்கொண்டே கணக்குப் போட்டிருந்தால், பவுண்டு என்ற சொல் கண்ணில் பட்டிருக்கும்.

பொது அளவை நமக்குப் புதிதும் அல்ல. தஞ்சைப் பெரிய கோயிலுக்குக் கொடுத்த பொன்னை ஆடவல்லான் என்ற பெயர் கொண்ட கல்லால் நிறுத்தார்கள் என்று முதலாம் இராசராசனின் கல்வெட்டுகள் சொல்கின்றன. எந்தக் கல்லால் நிறுத்தது என்பதையும் பொறித்து வைத்தால்தான் கணக்கு நிற்கும் என்று ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருந்தது. விடுதலை பெற்ற இந்தியாவில் ஊருக்கு ஒரு படி, சந்தைக்கு ஒரு வீசை என்று இருந்தபோது, அதில் நட்டப்பட்டவர்கள் விற்க வந்த குடியானவரும் சில்லறையில் வாங்கிய ஏழையும்தான். 1956இல் எடை அளவைச் சட்டம் வந்தது. 1957 ஏப்ரல் 1 அன்று அணா போய் நயா பைசா வந்தது. 1958 அக்டோபர் முதல் கிலோகிராம் படிப்படியாகக் கடைகளுக்கு வந்தது. நாட்டின் மூலக் கிலோகிராமைக் காக்கும் டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்துக்கு அப்போது இயக்குநராக இருந்தவர் வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ்.கிருஷ்ணன். 2019 மே 20 முதல் கிலோகிராம் எந்த உலோகக் கட்டியையும் நம்பியிருக்கவில்லை; பிளாங்க் மாறிலி என்ற இயற்கை எண்ணைக் கொண்டு அதை வரையறுக்கிறார்கள். ஏழையின் தராசுக்கு நியாயம் வேண்டும் என்ற கவலையும், உலகம் முழுக்க ஒரே அளவு வேண்டும் என்ற அறிவியலின் தேடலும் இந்த ஒரே பாடத்தில் சேர்ந்து நிற்கின்றன.

இதைக் கற்றுத்தர எங்கள் பக்கத்துக்கு வாய்த்த வசதி எல்லா ஊருக்கும் வாய்க்காது. விருத்தாசலத்தில் பீங்கான் பட்டறைகள் இருக்கின்றன. பொம்மையும் ப்யூஸ் கேரியரும் செய்கிறார்கள். பச்சை மண் காய்ந்து, சூளையில் வெந்து வரும்போது சுருங்கும். எவ்வளவு சுருங்கும் என்பது கலவைக்குக் கலவை மாறும். பத்து சதவீதம் சுருங்கும் ஒரு கலவையில் 10 சென்டிமீட்டர் உயரப் பொம்மை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அச்சு 11 சென்டிமீட்டர் போதும் என்றுதான் எந்தப் பிள்ளையும் சொல்லும். 11இல் பத்து சதவீதம் போனால் 9.9தான் மிஞ்சும். 10ஐ 0.9ஆல் வகுக்க வேண்டும், 11.1 சென்டிமீட்டர் அச்சு வேண்டும். பொம்மையில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். ப்யூஸ் கேரியரில் ஒரு மில்லிமீட்டர் குறைந்தால் பித்தளைத் தகடு உட்காராது. ஜாடி என்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் சுருங்கும். வெந்தபின் ஒரு லிட்டர் பிடிக்க வேண்டிய ஜாடி, பச்சையாக இருக்கும்போது கிட்டத்தட்ட 1.37 லிட்டர் பிடிக்க வேண்டும். பட்டாவில் இரண்டு தடவை பெருக்கிய பிள்ளைக்கு, இங்கே மூன்று தடவை வகுக்க வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

டைல்ஸ் கடையிலும் ஒரு பாடம் இருக்கிறது. இரண்டுக்கு இரண்டு என்று எல்லாரும் கேட்டு வாங்கும் கல்லின் பெட்டியில் 600 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்கும். இரண்டு அடி என்பது 609.6 மில்லிமீட்டர். 20 அடி நீளக் கூடத்தில் பத்துக் கல் பதித்தால் 96 மில்லிமீட்டர் மிஞ்சும், ஏறக்குறைய நான்கு இஞ்ச். நான்கு கல் கொண்ட பெட்டியை 16 சதுர அடி என்று கணக்கிட்டால் 1,000 சதுர அடி வீட்டுக்கு இரண்டு பெட்டி குறையும். உண்மையில் அது 15.5 சதுர அடிதான்.

மழைக் கணக்கில்தான் மெட்ரிக் முறையின் அழகு தெரியும். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். அதன் எடை ஒரு கிலோ. நீளமும் கொள்ளளவும் எடையும் ஒன்றுக்குள் ஒன்று அடங்கியிருக்கின்றன. பெரியவரின் ஒரு ஏக்கரில் ஐந்து சென்டிமீட்டர் மழை பெய்தால் இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் விழுகிறது. வீராணம் 47.5 அடிக்கு நிரம்பினால் 1,465 மில்லியன் கன அடி. ஒரு கன அடி 28.3 லிட்டர் என்று தெரிந்த பிள்ளை, ஏரியில் 4,100 கோடி லிட்டருக்கு மேல் தண்ணீர் நிற்கிறது என்று நாளிதழைப் பார்த்தே சொல்லிவிடும்.

அறிவியல் ஆசிரியர்களிடம் என் வேண்டுகோள் சின்னதுதான். அட்டவணையோடு நிறுத்தாமல், பிள்ளைகளை வீட்டிலிருந்து ஒரு அளவைக் கொண்டுவரச் சொல்லுங்கள். பட்டாவின் பரப்பு, ரேஷன் அரிசி, மோட்டார் குழாய், அம்மாவின் சங்கிலி, எதுவானாலும் சரி. ஒவ்வொரு வரியிலும் எண்ணோடு அலகையும் எழுதவையுங்கள். விடை வந்ததும், இது நம்பும்படி இருக்கிறதா என்று கேளுங்கள். கேள்வித்தாள் தயாரிப்பவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். காலாண்டுத் தேர்வில் 0 - 40.50 என்று ஒரு பட்டாக் கட்டத்தை அச்சிட்டு, இது எத்தனை சென்ட் என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். தேர்வில் வந்தால், அடுத்த ஆண்டு எல்லா வகுப்பிலும் அதைச் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள்.