நெசவாளருக்கும் குடியானவருக்கும் வீட்டுக் கடன்

குழித்தறி போட்டவருக்கு வீடே தொழிற்கூடம். செல்லூரிலும் மதுரையின் பிற நெசவுத் தெருக்களிலும் வாடகைக்குக் குடியிருக்கும் நெசவாளர், குழி வெட்டுமுன் வீட்டுக்காரரின் சம்மதத்தை வேண்டி நிற்கிறார். வீடு மாற நேர்ந்தால் தறியைப் பிரிக்க வேண்டும். மறுபடியும் பூட்டி ஓட்டும் வரையில் கூலி இல்லை. ஆகவே, சொந்த வீடு அவருக்கு வெறும் வசதியன்று, தொழிற்கருவியும் ஆகும்.

இத்தகையவர் வீட்டுக் கடன் கேட்டுச் சென்றால் நிகழ்வது யாது? சம்பளச் சீட்டு, வருமான வரிக் கணக்கு, தாய்ப் பத்திரம் ஆகியவற்றைக் கேட்கிறார்கள். நெசவாளருக்கு மாதச் சம்பளம் ஏது? மேலூர், உசிலம்பட்டிப் பக்கத்துக் குடியானவர் பலருக்கோ மனை பாட்டனார் பெயரில் இருக்கும். அன்றேல் கூட்டுப் பட்டாவில் இருக்கும். நாணயம் இல்லாமையால் அன்று, நாணயத்தைக் காட்டும் காகிதம் இல்லாமையால் இவர்கள் வெறுங்கையோடு திரும்புகின்றனர். பின்னர் கந்துவட்டியே கதி.

பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டம் நகரங்களுக்கென 2024-இல் தொடங்கியது. தகுதியுள்ளவருக்கு முதல் 8 லட்சம் ரூபாய்க் கடனுக்கு 4 விழுக்காடு வட்டி மானியம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடே. ஆனால், கடனே கிட்டாதவருக்கு வட்டி மானியத்தால் என்ன பயன்?

கடன் கொடுப்போர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. அவர்கள் கொடுப்பது பிறர் நம்பி வைத்த பணம். சான்று கேட்பது தவறன்று. அந்தச் சான்று நம் சங்கங்களிலேயே உள்ளது என்பதுதான் நாம் சொல்ல விரும்புவது. கூலிப் பட்டுவாடாக் கணக்கு உள்ளது. 1975-இல் தொடங்கிய கூட்டுறவுக் கைத்தறி நெசவாளர் சேமிப்புப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தவரின் கூலியிலிருந்து சேமிப்புக்காகப் பிடித்தமும் நடைபெறுகிறது. பத்தாண்டுக் கூலிக் கணக்கைவிட நம்பத்தகுந்த சம்பளச் சீட்டு எது?

வங்காள தேசத்தின் கிராமீன் வங்கி 1984-இல் ஏழைகளுக்கு வீட்டுக் கடன் வழங்கத் தொடங்கியது. ஈடு கேட்கவில்லை, மனை பெண்ணின் பெயரில் இருக்க வேண்டும் என்று மட்டும் வற்புறுத்தியது. அத்திட்டம் 1989-இல் ஆகா கான் கட்டடக்கலை விருது பெற்றது.

நாம் வேண்டுவன மூன்று. சங்கம் சான்றளிக்கும் கூலிக் கணக்கை வங்கிகள் வருமானச் சான்றாக ஏற்க வேண்டும். குடியானவரின் தவணை, அறுவடையை ஒட்டி அமைய வேண்டும். கூட்டுப் பட்டாவைப் பிரித்துத் தனிப் பட்டா பெற, சங்க அலுவலகமே மனு எழுதி உதவ வேண்டும்.

அங்கத்தினர்க்கும் ஒரு சொல். தள்ளுபடி வரும் என்று தவணையை நிறுத்துபவர் தம் பெயரை மட்டும் கெடுத்துக்கொள்வதில்லை. அடுத்து விண்ணப்பிக்கும் தோழரின் கதவையும் அடைக்கிறார். 1904-இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் வந்தபொழுது, ஒருவரை ஒருவர் அறிந்திருப்பதே பெரிய பிணையாகக் கருதப்பட்டது. அந்தப் பிணைக்கு இன்றும் மதிப்பு உண்டு என்று காட்டுவது நம் கையில் இருக்கிறது. அடுத்த பேரவைக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகக் கொண்டுவருவோமாக.