இரும்பும் மருந்தும்

தாமிரபரணி கடலோடு கலக்கும் புன்னக்காயலில் வாழ்வு பெரிதும் கடலை நம்பியது. வள்ளத்தில் நின்று வலை இழுப்பவருக்கு வலிப்பு வந்தால், அந்தச் சில நிமிடங்களே உயிரைப் பறிக்கக்கூடும். கரையிலோ வேறோர் இடர் உண்டு. வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைத் திணிக்கும் வழக்கம் தமிழகத்தின் ஊர்களிலும் நகரங்களிலும் இன்றும் மறையவில்லை. பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே அடங்கிவிடும். அதற்கான புகழை இரும்பு பெற்றுக்கொள்கிறது. மூளையை ஆய்ந்து உண்மை கண்டவர்கள் பெயரற்றுப் போகிறார்கள்.

மூளை நரம்பணுக்களின் மின் இயக்கம் திடீரெனக் கட்டுமீறுவதே வலிப்பு. உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு வலிப்புநோய் உள்ளது. முறையான மருத்துவம் கிடைத்தால், அவர்களுள் நூற்றுக்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக நலவாழ்வு நிறுவனம்.

இவ்வறிவு நம் மண்ணிலும் வளர்ந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற ஜேக்கப் சாண்டி, கனடாவில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயிற்சி பெற்றுத் திரும்பினார். 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் நாட்டின் முதல் நரம்பியல் அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கினார். 1952இல் அவரும் நரம்பியல் மருத்துவர் பல்தேவ் சிங்கும் இணைந்து, வலிப்புநோய்க்கான அறுவை மருத்துவத்தை அங்கே மேற்கொண்டனர்.

பின்னர் அதே வேலூரில் மற்றொரு புதிர் அவிழ்ந்தது. வலிப்பு வந்த பலரின் மூளைப் படத்தில் தெரிந்த சிறு புள்ளியைக் காசநோய்க் கட்டி எனக் கருதி, மாதக்கணக்கில் அந்நோய்க்குரிய மருந்தைக் கொடுத்துவந்தனர். அவற்றுள் பல, பன்றி நாடாப்புழுவின் இளம்பருவத்தால் விளைந்தவை என்பதை மேத்யூ சாண்டி, ராஜசேகர் ஆகியோர் அடங்கிய குழு 1989இல் வெளியிட்டது. தேவையற்ற மருந்திலிருந்து பலரை அக்கண்டுபிடிப்பு விடுவித்தது. கழிப்பறைத் தூய்மையும் கை கழுவுதலும் மூளையைக் காக்கும் என்பதையும் அது உணர்த்தியது.

‘பட்டமும் பதவியும் பெற்றவர்களுக்குத் தனிப் பாராட்டு எதற்கு?’ எனச் சிலர் கேட்கலாம். ஜேக்கப் சாண்டிக்கு 1964இல் பத்மபூஷண் விருது கிடைத்தது உண்மையே. ஆயினும் விருது ஒருவருக்குரியது, நினைவோ ஊருக்குரியது. யாரை நினைவில் வைக்கிறோமோ, அவர்களையே இளையோர் பின்பற்றுவர், நோயுற்றோரும் நம்புவர். வலிப்புநோயைத் திருமணத்திற்குத் தடையாகக் கூறிய பகுதி இந்து திருமணச் சட்டத்திலிருந்து 1999இல் நீக்கப்பட்டது. சட்டம் ஏற்ற உண்மையை வீடுகள் இன்னும் முழுமையாக ஏற்கவில்லை. நோயை மறைப்பதும், மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுவதும் இந்த அச்சத்தால் விளைபவை.

ஆகவே, அறிவியலாளரை மதிப்பது அவர்கள் கண்ட வழியில் நடப்பதே ஆகும். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவைத்தல் வேண்டும். வாயில் எதையும் திணிக்கலாகாது. ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். நவம்பர் 17 தேசிய வலிப்புநோய் நாள். அன்று ஒவ்வொரு பள்ளியிலும் வேலூர் மருத்துவர்களின் வரலாற்றைச் சொல்லி, இம்முதலுதவியையும் செய்து காட்டலாம். கடலோரப் பள்ளிகள் இதில் முந்திக்கொள்ளட்டும்.