சபுரோ சகாய்: இரண்டு கணக்குகள்

போர் விமானியின் பெருமையை எண்ணிக்கையால் அளப்பது உலக வழக்கம். எத்தனை விமானங்களை வீழ்த்தினார்? என்னென்ன விருதுகள் பெற்றார்? இவ்விரண்டு கேள்விகளோடு பெரும்பாலோர் நிறுத்திக்கொள்கின்றனர். ஜப்பானியக் கடற்படை விமானி சபுரோ சகாயைப் பற்றிப் பேச்செடுத்தால் நம் மாணவர்களும் இவற்றைத்தான் கேட்கிறார்கள். கணினி விளையாட்டில் 'சீரோ' விமானம் ஓட்டிப் பழகிய தம்பிமார்களுக்கு அவர் ஒரு நாயகன். எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

1916இல் சாகா மாநிலத்தில் ஓர் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர் சகாய். 11 வயதில் தந்தையை இழந்தார். மாமா ஆதரவில் தோக்கியோவிற்குப் படிக்கச் சென்று, படிப்பில் தோற்று, தலைகுனிந்து ஊர் திரும்பினார். (தேர்வு முடிவு வந்த அன்று விடுதி அறைக் கதவைத் தாழிட்டுக்கொள்ளும் நண்பர்கள் இந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கலாம்.) 1933இல் சாதாரண மாலுமியாகக் கடற்படையில் சேர்ந்தார். 1937இல் விமானப் பயிற்சியில் முதல் மாணவராகத் தேறியபோது பேரரசரின் வெள்ளிக் கடிகாரம் அவருக்குப் பரிசாகக் கிடைத்தது. ஆனாலும் அடிமட்டத்திலிருந்து வந்தவர் அதிகாரி ஆவதற்கு 1944 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவருடைய புகழ் 1942 ஆகஸ்டு 7ஆம் நாளில் நிற்கிறது. குவாடல்கனல் தீவின் மேலே, எதிரில் பறந்தவை போர் விமானங்கள் என்று தவறாகக் கணித்து, பின்புறமாக நெருங்கினார். அவை பின்னிருக்கையில் துப்பாக்கி வீரர்களைக் கொண்ட குண்டுவீச்சு விமானங்கள். குண்டு தலையைப் பிளந்தது. வலக்கண் பார்வை போயிற்று. உடலின் இடப்பக்கம் மரத்துப்போனது. அந்த நிலையிலும் ஏறத்தாழ 1,040 கிலோமீட்டரை நான்கே முக்கால் மணி நேரத்தில் கடந்து, ரபாவுல் தளத்தில் விமானத்தை இறக்கினார். ஒற்றைக் கண்ணோடு 1944இல் மீண்டும் போருக்குப் போனார். வீரம் என்ற சொல்லுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? இதை மறுப்பவன் அல்லன் நான்.

ஆனால் அந்த எண்ணிக்கை? 1957இல் ஆங்கிலத்தில் வந்த அவருடைய வரலாற்று நூல் 64 விமானங்கள் என்று சொல்லி உலகை மயக்கியது. ஜப்பானிய ஆவணங்களை ஆராய்ந்தவர்கள், பிறரோடு பகிர்ந்துகொண்டவற்றையும் சேர்த்து 28 என்கின்றனர். அந்த வேறுபாட்டைத் தீர்க்க ஆய்வாளர்கள் பல ஆண்டுகள் உழைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு விமானத்திற்கும் நாள், இடம், எதிரி விமானியின் பெயர் வரை தேடியிருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு மனம் இடறுகிறது. 1941 டிசம்பர் 8இல் சகாய் பிலிப்பைன்சின் கிளார்க் தளத்தைத் தாக்கினார். அன்றுதான் ஜப்பானியப் படை கோத்தா பாருவில் கரையேறியது. பாட்டி வாயில் அது 'ஜப்பான்காரன் காலம்'. மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் வளர்த்த காலம். தோட்டத்திற்கு லாரி வந்தது. மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்றார்கள். பாட்டியின் அண்ணன் ஏறிப் போனார். 415 கிலோமீட்டர் நீளமுள்ள சயாம் மரண இரயில் பாதையில் மாண்ட மலாயாத் தமிழர்கள் எத்தனை பேர்? 'பல்லாயிரம்' என்கிறோம். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் காஞ்சனபுரியில் வரிசையாக இருக்கின்றன. ஓர் ஆகாயப் போரில் விழுந்த விமானம் பாதியா, முழுசா என்று எழுதிவைத்த உலகம், நம்மவர்களைத் தலையெண்ணிக்கூட வைக்கவில்லை.

இதற்குச் சகாய் பொறுப்பா என்று நண்பர் ஒருவர் கேட்டார். தண்டவாளத்தைப் போட வைத்தவர் அவரல்லர், உண்மைதான். ஆனால் அந்தப் பேரரசு நம் தோட்டங்கள் வரை வந்தது அவரைப் போன்றவர்கள் வானத்தைப் பிடித்துக் கொடுத்ததால். சிப்பாய் கட்டளைக்குப் பணிந்தான் என்ற ஒரே வரியில் இதை முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை.

விந்தை என்னவென்றால், அந்த வரியைச் சகாயே ஏற்கவில்லை. போருக்குப் பின் பௌத்த நெறியில் ஆழ்ந்து, எவ்வுயிரையும் கொல்வதில்லை என உறுதி பூண்டார். ஆணையிட்டவர்கள் யார், அவர்கள் ஏன் பொறுப்பேற்கவில்லை என்று பேரரசரையும் விடாமல் வெளிப்படையாகக் கேட்டார். ஜப்பானில் அப்படிப் பேச ஆகாயப் போரைவிடக் கூடுதல் துணிச்சல் வேண்டும். தம்மைச் சுட்ட துப்பாக்கி வீரர்களுள் ஒருவரை 1980களில் நேரில் சந்தித்தார். 2000 செப்டம்பரில், அட்சுகி அமெரிக்கக் கடற்படைத் தளத்தில் ஒரு விருந்தில் கலந்துகொண்ட இரவில், 84ஆம் வயதில் காலமானார்.

அவரை மதிப்பதா என்று கேட்டால், 1945க்குப் பிந்திய சகாயை மதிக்கிறேன் என்பேன். முந்தியவரை வியக்கிறேன், அவ்வளவே. வெள்ளிக் கடிகாரத்தை என்னால் கொண்டாட முடியாது.

பாட்டியின் அண்ணன் இறந்த நாள் எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. அதனால் தீபாவளிக்கு முதல் நாள், மற்ற முன்னோர்களோடு சேர்த்து அவருக்கும் ஓர் இலை போடுகிறோம்.