மூளையின் தந்துகிகள் வெறுங்குழாய்கள் அல்ல

மனித உடலின் எடையில் மூளை சுமார் 2 சதவீதமே. ஆயினும், உடல் ஓய்ந்திருக்கும்போது செலவாகும் பிராணவாயுவில் ஏறக்குறைய 20 சதவீதம் அதற்கே போகிறது. மூளைக்குச் சேமிப்பு அநேகமாக இல்லை. இரத்தம் முற்றிலும் நின்றால் சில விநாடிகளில் நினைவு தப்பும். ஆதலால், உழைக்கும் பகுதிக்கு உடனுக்குடன் கூடுதல் இரத்தம் சென்றாக வேண்டும். இப்பங்கீட்டை நடத்துவது எது?

உழைக்கும் மூளையில் தோன்றும் வேதிப்பொருள்களே இரத்தக் குழாய்களை விரியச் செய்கின்றன என்று 1890இல் ராய், ஷெரிங்டன் ஆகிய இருவரும் கூறினர். தசையுள்ள சிறு தமனிகளே இவ்வேலையைச் செய்கின்றன என்றும், தந்துகிகள் இரத்தம் கடந்து செல்லும் குழாய்கள் மட்டுமே என்றும் நெடுங்காலம் கருதப்பட்டது. வகுப்பறைகளில் இன்றும் பெரும்பாலும் இவ்வாறே கற்பிக்கப்படுகிறது. இது திருத்தப்பட வேண்டும்.

தந்துகியின் விட்டம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கினும் குறைவு; சிவப்பணு வளைந்து நெளிந்தே அதனுள் செல்கிறது. நரம்பணுக்கள் உழைக்கும்போது வெளிவிடும் பொட்டாசியத்தைத் தந்துகியின் சுவரணுக்கள் உணர்கின்றன. உடனே ஒரு மின்மாற்றம் அணுவிலிருந்து அணுவுக்குத் தாவி, மேலேயுள்ள சிறு தமனியை அடைந்து அதனைத் தளரச் செய்கிறது. எலிகளில் நடந்த ஆராய்ச்சி இதனை 2017இல் காட்டியது. தந்துகியைத் தழுவி நிற்கும் பெரிசைட் என்னும் உயிரணுக்களும் சுருங்கி விரியக்கூடியவை. அவற்றுள் எவ்வகைக்கு எவ்வளவு பங்கு என்பதில் ஆராய்ச்சியாளரிடையே கருத்து வேறுபாடு இன்னும் உண்டு.

பாசனத்தில் தலைமதகு திறக்கும்வரை கடைமடை காத்திருக்கும். மூளையிலோ கடைமடையே தன் தேவையை அறிவித்துத் தலைமதகைத் திறப்பிக்கிறது.

பாடச்சுமை கூடும் எனச் சிலர் தயங்கலாம். ஆனால் இங்குச் சேர்க்க வேண்டியது புதிய அத்தியாயம் அன்று. பழைய வாக்கியம் ஒன்றின் திருத்தமே. அதன் பயன் வகுப்பறையோடு நிற்பதும் இல்லை. பக்கவாதத்தில் பெருங்குழாயின் அடைப்பு நீங்கிய பின்பும், இரத்தமின்றி வாடிய பெரிசைட்டுகள் இறுகியே நின்று தந்துகிகளை நெரிக்கக்கூடும் என்பதை 2009இல் எலிகளில் நடந்த சோதனை உணர்த்தியது. காலதாமதத்தின் கேடு இதனால் மேலும் தெளிவாகிறது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தும், பொதுவாக நோய் தொடங்கிய நாலரை மணி நேரத்திற்குள் தரப்பட வேண்டியதே.

பல்லாண்டு நீடிக்கும் உயர் இரத்த அழுத்தம் இந்த நுண்ணிய வலையைச் சிதைக்கிறது. பக்கவாதத் தடுப்பையும் உள்ளடக்கிய தேசியத் திட்டம் நம் நாட்டில் 2010இல் தொடங்கியது. கிராமத்தில் இரத்த அழுத்தம் அளக்கும் களப்பணியாளர், தாம் குறிப்பது வெறும் எண் அன்று, மூளையின் பாசனத்திற்கு இடும் காவல் என்று உணர்தல் வேண்டும். முகம் கோணுதல், கை தளர்தல், பேச்சுக் குழறுதல் ஆகியவற்றில் ஒன்று திடீரெனத் தோன்றினாலும், நோயாளியைத் தாமதமின்றித் தக்க மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். இதனை ஊராருக்கு எடுத்துரைப்பதில் ஆசிரியருக்கும் களப்பணியாளருக்கும் சமபங்கு உண்டு.