ஃப்ளைட் 1 மணி நேரம்தான்... ஆனா ஊருக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம்?

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலை பார்க்கிறீங்களா? தீபாவளி, பொங்கலுக்கு பஸ் டிக்கெட் கிடைக்காதப்போ நீங்களும் ஃப்ளைட் ஆப்பைத் திறந்து பார்த்திருப்பீங்க. 'சென்னை - சேலம், 1 மணி நேரம்'னு பார்த்ததும் புக் பண்ணத் தோணும். ஆனா அது ஏர்போர்ட்டுக்கு ஏர்போர்ட் ஆகுற நேரம் மட்டும்தான்.

சேலம் கணக்கு

வான்வழியில் சென்னையிலிருந்து சேலம் சுமார் 265 கி.மீ. ஒரகடத்திலிருந்து மீனம்பாக்கம் போக, டிராஃபிக்கோடு ஒன்றரை மணி நேரம் வைங்க. செக்-இன், செக்யூரிட்டி, காத்திருப்புன்னு இன்னொரு ஒன்றரை மணி நேரம். சேலம் ஏர்போர்ட் இருக்கிறதோ ஓமலூர் பக்கத்துல காமலாபுரத்தில். இறங்கி வெளியே வந்து சிட்டிக்குள்ள போக 1 மணி நேரம். ஆகமொத்தம் 5 மணி நேரம்! பஸ்ஸிலேயே ஐந்தரை, ஆறு மணி நேரத்துல போயிடலாமே?

தூத்துக்குடி கணக்கு

வான்வழி தூரம் சுமார் 530 கி.மீ. சேலத்தைவிட இரண்டு மடங்கு. ஆனா பறக்கும் நேரம் அரை மணி நேரம்தான் கூடும். தரையில் போற 4 மணி நேரம் அதேதான். வாகைக்குளத்தில் இறங்கி வீட்டுக்குப் போக மொத்தம் ஐந்தரை மணி நேரம். பஸ்ஸில் 10 மணி நேரத்துக்கு மேல். நெல்லைக்காரங்களுக்கும் இதே ஏர்போர்ட்தான் கிட்ட. 2023-ல் வந்த சென்னை - நெல்லை வந்தே பாரத் ரயிலே கிட்டத்தட்ட 8 மணி நேரம் எடுக்குது.

ஆக, தூரம் கூடக் கூடத்தான் ஃப்ளைட் லாபம். நைட் பஸ்ஸில் தூங்கிட்டே போறவங்களுக்கு அந்த 5 மணி நேர மிச்சம் பெருசாத் தெரியாது. அப்பாவை ஐ.சி.யூ-வில் சேர்த்திருக்காங்கன்னு காலையில போன் வந்தா, அந்த 5 மணி நேரம்தான் எல்லாமே.

பரந்தூர் வந்தா மாறுமா?

2022-ல் அறிவிக்கப்பட்ட பரந்தூர் விமான நிலையம் நமக்குப் பக்கம்னு பலர் நினைக்கிறாங்க. மேப்பைத் திறந்து பாருங்க. ஒரகடமும் ஸ்ரீபெரும்புதூரும் மீனம்பாக்கத்துக்கும் பரந்தூருக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கு. தூரத்தில் பெரிய மிச்சம் இல்லை. சிட்டி டிராஃபிக்கில் மாட்டாம போனால்தான் நேரம் மிச்சமாகும். அதுக்கு நல்ல சாலையும், ஷிஃப்ட் நேரத்துக்கு ஏற்ற பஸ்ஸும் வேணும்.

இந்தத் திட்டத்துக்காக 5,000 ஏக்கருக்கும் மேல் நிலம் எடுக்குறாங்க. ஏகனாபுரம் மக்கள் வீட்டையும் வயலையும் விட்டுத் தர மாட்டோம்னு வருஷக்கணக்கா போராடுறாங்க. 'நேரம் மிச்சம்'னு யாராவது சொன்னா, யாருக்கு, எவ்வளவுன்னு நாமளும் கேட்கணும்.

அடுத்த முறை புக் பண்றதுக்கு முன்னாடி, ஆப் காட்டுற நேரத்தோட 4 மணி நேரத்தைக் கூட்டிப் பாருங்க. அப்பவும் பஸ்ஸைவிடக் குறைவா வந்தா, தாராளமா பறங்க!