அடித்தவரே விசாரணை அதிகாரியா?

ஆசிரியருக்கு,

எங்கள் தெருவில் சரக்கு ஆட்டோ ஓட்டும் தம்பி ஒருவரை வாகனச் சோதனையில் ஓர் உதவி ஆய்வாளர் கன்னத்தில் அறைந்தார். ஆர்.சி. புத்தகத்தை எடுத்துக் காட்டத் தாமதமானதாம். மாவட்டக் காவல் புகார் ஆணையத்துக்கு ஆட்சியர்தானே தலைவர் என்று நம்பி, திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனு கொடுத்தோம். எழுதிக் கொடுத்தவன் நான். சில நாளில் அதே காவல் நிலையத்திலிருந்து போன்: “உங்க மனு விசாரணைக்கு வந்திருக்கு, ஆதார் கார்டோட ஸ்டேஷனுக்கு வாங்க.”

போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவர் அறைந்த அதே உதவி ஆய்வாளர்! ஆட்சியர் அலுவலகம், எஸ்.பி. அலுவலகம், டி.எஸ்.பி. அலுவலகம் என்று ஒவ்வோர் இடத்திலும் ஒரு முத்திரை வாங்கிக்கொண்டு மனு அவர் கைக்கே வந்து சேர்ந்திருக்கிறது. ‘மேல் நடவடிக்கை எதுவும் தேவையில்லை’ என்று வாக்குமூலமும் தயாராக இருந்தது. “தினம் இந்த ரோட்லதானே வண்டி ஓட்டணும்?” என்று கேட்டார். தம்பி கையெழுத்துப் போட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மனுவை அங்கே அனுப்பி வைத்தவர்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

இதற்கெல்லாம் வேர் சட்டத்திலேயே இருக்கிறது. காவல் துறைச் சீர்திருத்தம் கோரிய பிரகாஷ் சிங் வழக்கில் 2006-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: மாநிலப் புகார் ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற அல்லது உச்ச நீதிமன்ற நீதிபதியும், மாவட்ட ஆணையத்துக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதியும் தலைமை ஏற்க வேண்டும். நம் தமிழ்நாடு 2013-இல் இயற்றிய காவல் சீர்திருத்தச் சட்டம் என்ன செய்தது? மாநிலத்தில் உள்துறைச் செயலாளரைத் தலைவராக்கி டி.ஜி.பி.யை உறுப்பினராக்கியது. மாவட்டத்தில் ஆட்சியரைத் தலைவராக்கி, பக்கத்திலேயே எஸ்.பி.யை உட்கார வைத்தது. தன் கீழே வேலை பார்ப்பவர் மீதான புகாரை எஸ்.பி. எங்கே அனுப்புவார்? பக்கத்துக் கேரளத்தின் 2011-ஆம் ஆண்டுக் காவல் சட்டம் ஓய்வுபெற்ற நீதிபதிகளைத்தான் தலைவராக்கியிருக்கிறது. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

நீதிபதிகள் விசாரித்தால் போலீசாரின் மனஉறுதி குலையும் என்கிறார்கள். நேர்மையான காவலருக்கு நீதிபதியிடம் என்ன பயம்? மனித உரிமை ஆணையம் இருக்கிறதே என்பவர்கள், அன்றாடக் கூலியை விட்டுவிட்டுச் சென்னைக்கு அலையச் சொல்கிறார்கள். கோர்ட்டுக்குப் போகலாம் என்பவர்கள் வக்கீல் ஃபீஸையும் சேர்த்துச் சொல்லட்டும்.

2020-இல் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீசார் அடித்ததில் செத்தார்கள். 2025-இல் திருப்புவனம் அருகே கோயில் காவலாளி ஒருவரும் அப்படியே செத்தார். ஒவ்வொரு முறையும் ஊர் கொதித்த பிறகுதான் விசாரணை சி.பி.ஐ.க்குப் போகிறது. உயிர் போனால்தான் வெளியாள் விசாரிப்பாரா? அறை வாங்கியவனுக்கு அடித்தவரே நீதிபதியா? ஆட்சியர்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் பெயரில் இருக்கும் ஆணையத்துக்கு வரும் மனுவை ஒரு முறையாவது படித்துவிட்டு அனுப்புங்கள்.

அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே இந்தச் சட்டத்தைத் திருத்த வேண்டும். ஓய்வுபெற்ற நீதிபதிகளைத் தலைவராக்குங்கள்; ஆணையத்துக்கென்று தனி விசாரணை அலுவலர்களை நியமியுங்கள். அதுவரை, புகாருக்கு ஆளான காவல் நிலையத்துக்கே மனுவை அனுப்பக் கூடாது என்று தலைமைச் செயலாளர் இன்றே ஒரு சுற்றறிக்கை விடலாம். அதற்குச் சட்டத் திருத்தம்கூட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
ஒரு வாசகர்